கருவி பெரிதா, கருமம் பெரிதா?

தச்சர் இருவர் கூடினால் உளியைப் பற்றிப் பேச்செழும். கணனிப் பொறியியலாளர் கூடினாலோ சொற்போரே மூண்டுவிடும். ‘வி.ஐ.’, ‘ஈமாக்ஸ்’ என்னும் நிரல் எழுதும் கருவிகள் இரண்டும் 1976 ஆம் ஆண்டளவில் தோன்றின. எது சிறந்ததென்ற வேடிக்கை வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆயினும், கோணேசபுரி வளாகத்திலே கணனி விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது வெறும் வேடிக்கையன்று. எந்த நிரல்மொழியைக் கற்றால் உத்தியோகம் கிட்டும் என்ற கவலை அவர்தம் பெற்றோரையும் வாட்டுகின்றது.

2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நமது திருகோணமலைக் கரையையும் தாக்கிற்று. காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய, இலங்கைத் தொண்டர்கள் ‘சகானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்பது பொருள். முதலில் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட அது, பின்னர் பைதன் மொழியிலும் புதிதாக ஆக்கப்பட்டது. 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும், 2010 இல் ஹெயிட்டியிலும் உதவிற்று. மொழி மாறினும் தொண்டு மாறவில்லை.

மாணவர்களே, நட்போடு வாதிடுங்கள். ஆயின், தரவை ஒழுங்குசெய்யும் முறையையும் பிழையைத் தேடிக் களையும் பொறுமையையும் முதலிற் பழகுங்கள். ஒரு கருவியை ஆழக் கற்றவனுக்கு அடுத்தது அரிதன்று என்பதே எமது துணிபு.