உங்களுக்குத் தெரியுமா? மனையும் ஊரும்: தொம்மலூர்

பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் கூடுமிடத்தில், அடுக்கு மாளிகைகளும் கணினி நிறுவனங்களும் நெருங்கி நிற்கும் பெங்களூருவின் தொம்மலூர், 13ஆம் நூற்றாண்டிலேயே தேசிமாணிக்கப்பட்டணம் என்ற சிறப்புப் பெயருடன் விளங்கிய புராதன ஊர் என்பதை, அங்குள்ள சொக்கப்பெருமாள் ஆலயத்தின் தமிழ்ச் சாசனங்கள் இன்றும் உரைக்கின்றன.

அவ்வூர் நகரத்துள் அடங்கிய விதம் கவனிக்கத்தக்கது. 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் வாட்டியபின் மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற விஸ்தரிப்புகள் எழுந்தன. 1945இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டும், அதன் ஸ்தானத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் அமைந்தன. சுற்றுப்புறக் கிராமங்களின் விளைநிலங்களை ஆர்ஜிதம் செய்து, சாலையும் பூங்காவும் வகுத்து, முப்பதுக்கு நாற்பது அடி போன்ற அளவுகளில் மனைகளாகப் பிரித்து, விண்ணப்பித்தவர்களுக்கு ஒதுக்குவதே இவ்வமைப்புகளின் பிரதான முறை. வயல்கள் லேஅவுட்டுகளாயின, வீடுகள் செறிந்த பழைய கிராமத்தின் நடுப்பகுதியோ, குறுகிய சந்துகளோடு அப்படியே நின்றது. தொம்மலூரில் லேஅவுட்டின் நேரிய வீதிகளிலிருந்து சில அடி நடந்தாலே இந்த வேற்றுமை புலப்படும்.

நடுத்தர வகுப்பார் பலருக்குச் சொந்த இல்லம் ஈந்த முறை இது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும், மனை வாங்கும் சக்தியற்று வாடகைக்குக் குடியிருக்கும் கட்டடத் தொழிலாளருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் மனை ஒதுக்கீடு மட்டும் பரிகாரமாகாது. நியாயமான வாடகையில் குடியிருப்புகளைக் கட்டித் தருவதும் நகர நிர்மாணத்தின் முதற் கடமைகளுள் வைக்கப்பட வேண்டும்.