காரில் பாட்டு: காதுக்கு இதமாக வேண்டாமா?

போன வைகாசியில் திருச்சியிலிருந்து திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு காரில் போனோம். வழி நெடுகப் பாட்டுத்தான். பின் ஸீட்டில் இருந்த என் மாமியார், "சத்தம் காதைப் பொளக்குது, வார்த்தை ஒண்ணும் வெளங்கலையேப்பா!" என்றார். விளங்கவில்லை என்றதும் என் கணவர் சத்தத்தை இன்னும் கூட்டினார்! ஊர் போய்ச் சேர்ந்தபோது மாமியாருக்குத் தலைவலி. எனக்குக் காதுக்குள் 'ங்கொய்' என்று ஒரே இரைச்சல். ஸ்பீக்கரை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தோம்.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். கோஆக்ஸியல் என்பதில் பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே சின்னது உட்கார்ந்திருக்கும். காம்போனென்ட் என்றால் தனித்தனி. கனத்த ஒலிக்கு வூஃபர், கீச்சொலிக்கு ட்வீட்டர். எது எதற்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கக் கிராஸ்ஓவர். சல்லடை மாவையும் கப்பியையும் பிரிக்கிறதே, அது போலத்தான்! வூஃபர் கதவில் காலருகே இருந்தாலும், ட்வீட்டரை மேலே கண்ணாடி மூலையில் வைப்பதால் எதிரே நின்று பாடுவது போல் வார்த்தை தெளிவாகக் கேட்கிறது.

பெட்டியில் கொட்டை எழுத்தில் '300 வாட்' என்று இருந்தால் மயங்கிவிடாதீர்கள். அது கண நேரம் தாங்கும் உச்ச அளவு. சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று இருப்பதுதான் தொடர்ந்து தாங்கும் அளவு. ஸென்ஸிடிவிடி என்ற எண்ணையும் பாருங்கள். 87க்கும் 90க்கும் மூன்று டெசிபல்தானே வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். 90 உள்ளதற்கு அதே சத்தத்துக்குப் பாதி மின்சக்தி போதும். பெரும்பாலும் தனி ஆம்ப்ளிஃபயர் செலவு மிச்சம்!

பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல், கப்ளர் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டால் மழைத் தண்ணீர் காருக்குள் வரும். கண்ணாடியோரத் தூணில் ஏர்பேக் உள்ள வண்டியானால் அங்கே துளை போடவே விடாதீர்கள்.

எங்களுக்கும் ஒரு கூத்து நடந்தது. புது ஸ்பீக்கரில் பாட்டு சோகையாக வந்தது. "போகப் போகச் சரியாயிடும்மா" என்றார் கடைக்காரர். பாலன்ஸை ஒரு பக்கமாகத் திருப்பினால் கனம் கூடியது. நடுவில் வைத்தால் குறைந்தது. என் மகன் கதவைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் ஒயர் மாறியிருந்தது! ஒரு வூஃபர் முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்க, கனத்த ஒலி அடிபட்டுப் போயிருக்கிறது. மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஸ்பீக்கர் நல்லதென்று சத்தத்தைக் கூட்டிவிடக் கூடாது. வேலைத்தலங்களுக்கு அமெரிக்க அரசின் என்.ஐ.ஓ.எஸ்.எச். நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரே மணி நேரம்! குழந்தைகள் இருந்தால் இன்னும் குறைத்தே வையுங்கள்.

போன மாதம் மறுபடியும் திருச்செந்தூர் போனோம். சத்தம் முன்பு வைத்ததில் பாதிகூட இல்லை. மாமியார் வாய்க்குள்ளேயே கூடப் பாடிக்கொண்டு வந்தார். நடுவில், "பின்னால ஆம்புலன்ஸ் வருது, ஒதுங்குப்பா!" என்று முதலில் சொன்னவரும் அவர்தான்!