பிளாக்ஜாக்

பிளாக்ஜாக் என்பது சூதாட்ட விடுதிகளில் (கேசினோ) பந்தயம் கட்டி ஆடப்படும் ஒரு சீட்டாட்டம் ஆகும். இது இருபத்தொன்று எனவும் அழைக்கப்படுகிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் விடுதியின் சார்பில் சீட்டுப் போடுபவரை மட்டுமே எதிர்த்து ஆடுவார். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21 ஐத் தாண்டாமலும் சீட்டுப் போடுபவரின் தொகையிலும் கூடுதலாகவும் இருந்தால் வெற்றி.

சீட்டுகளின் மதிப்பு

2 முதல் 10 வரையான சீட்டுகளுக்கு அவற்றின் எண்ணே மதிப்பாகும். ராஜா, ராணி, ஜாக் ஆகியவை 10 எனக் கணக்கிடப்படும். ஏஸ் 1 ஆகவோ 11 ஆகவோ கொள்ளப்படும். சீட்டின் நிறத்துக்கோ சின்னத்துக்கோ முக்கியத்துவம் இல்லை.

ஆடும் முறை

ஆட்டக்காரருக்கு இரண்டு சீட்டுகள் வழங்கப்படும். சீட்டுப் போடுபவரின் இரு சீட்டுகளுள் ஒன்று மட்டும் திறந்திருக்கும். முதல் இரு சீட்டுகளிலேயே 21 கிடைத்தால் அது பிளாக்ஜாக் எனப்படும். ஆட்டக்காரர் பின்வருவனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்:

- மேலும் ஒரு சீட்டு வாங்குதல்
- போதும் என நிறுத்துதல்
- பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குதல்
- சம மதிப்புள்ள இரு சீட்டுகளை இரு கைகளாகப் பிரித்தல்

சீட்டுப் போடுபவருக்கு இத்தகைய உரிமை இல்லை. அவர் 16 வரை கட்டாயம் சீட்டு எடுக்கவேண்டும். 17 இல் நிறுத்தவேண்டும். ஏஸை 11 ஆகக் கொண்ட 17 இல் சில விடுதிகளின் விதி வேறுபடும்.

விடுதியின் அனுகூலம்

ஆட்டக்காரரே முதலில் ஆடுகிறார். அவர் 21 ஐத் தாண்டினால் உடனே பந்தயத்தை இழக்கிறார். பின்னர் சீட்டுப் போடுபவரும் தாண்டினாலும் அப்பணம் திரும்பாது. விடுதியின் இலாபத்துக்கு இதுவே அடிப்படை.

அடிப்படை உத்தி

1956 இல் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றிய நால்வர், மேசைக் கணக்கிடும் கருவிகளைக் கொண்டு ஒவ்வொரு நிலையிலும் சிறந்த முடிவைக் கணித்து வெளியிட்டனர். எடுத்துக்காட்டாக, கையில் 13 முதல் 16 வரை இருக்கையில் எதிரே 2 முதல் 6 வரையான சீட்டு தெரிந்தால் நிறுத்தவேண்டும். 7 அல்லது அதற்கு மேல் எனில் பொதுவாகச் சீட்டு வாங்கவேண்டும். எதிரே 6 இருக்கும்போது சீட்டுப் போடுபவர் 21 ஐத் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடு என்பதே இதன் காரணம். இரண்டு ஏஸ்களையும் இரண்டு எட்டுகளையும் எப்போதும் பிரிக்கவேண்டும்.

சாதகமான விதிகளில் இவ்வுத்தி விடுதியின் அனுகூலத்தை ஏறத்தாழ அரை விழுக்காடாகக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. 100 ரூபாய் வீதம் 100 முறை பந்தயம் கட்டுபவர் சராசரியாக 50 ரூபாய் இழப்பார். பிளாக்ஜாக்குக்கு 100 ரூபாய்க்கு 150 ரூபாய் தருவதே மரபு. 120 மட்டும் தரும் மேசைகளில் இவ்விழப்பு ஏறத்தாழ 200 ரூபாயாக உயரும். எனவே ஆடுமுன் மேசையில் எழுதப்பட்டுள்ள விகிதத்தைப் படித்தல் அவசியம்.

சீட்டெண்ணல்

கணிதவியலாளர் எட்வர்டு தார்ப், 1962 இல் வெளிவந்த தமது நூலில், வெளியேறிய சீட்டுகளை நினைவில் வைத்துப் பந்தயத்தை மாற்றினால் ஆட்டக்காரருக்கு அனுகூலம் கிட்டும் எனக் காட்டினார். கட்டில் பத்துகளும் ஏஸ்களும் மிகுதியாக எஞ்சியிருப்பது ஆட்டக்காரருக்கு நன்மை தரும். இதனைத் தடுக்க விடுதிகள் பல சீட்டுக்கட்டுகளைக் கலந்தும், தொடர்ந்து கலைக்கும் இயந்திரங்களைக் கொண்டும் ஆடுகின்றன. சீட்டெண்ணுபவர் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை அட்லாண்டிக் சிட்டி விடுதிகள் வெளியேற்ற முடியாது என நியூ செர்சி உச்ச நீதிமன்றம் 1982 இல் தீர்ப்பளித்தது.