வசம்பும் அதன் வாசனைத் தைலமும்

வசம்பு, சதுப்பு நிலங்களிலும் நீரோடைக் கரைகளிலும் தானாகவே வளரும் வாசனைப் பூண்டு ஆகும். இதன் இலைகள் வாளைப் போன்று நீண்டு ஒடுங்கியவை. சேற்றினுள்ளே கிடையாக ஓடும் விரற் பருமனான வேர்த்தண்டே மருந்துக்கு உதவுவது. சிங்களத்தில் இது வதகஹ எனப்படும். குழந்தைகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தமையால் தமிழில் பிள்ளை வளர்ப்பான் என்னும் பெயரும் இதற்கு உண்டு.

தைலத்தின் இயல்பு

வேர்த்தண்டை முறித்தவுடன் எழும் மணத்திற்குக் காரணம் அதனுள் அடங்கிய தைலமாகும். இது தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்றதன்று. வெப்பத்தினால் எளிதில் ஆவியாகிவிடும். உலர்ந்த வேர்த்தண்டை இடித்து, நீராவியின் உதவியால் இதனை வடித்தெடுப்பர். இந்தியா முதலிய ஆசிய நாடுகளிற் பெரிதும் காணப்படும் வசம்பின் தைலத்தில் பீற்றா அசரோன் என்னும் பொருளே மிகுந்துள்ளது. ஐரோப்பிய வகையில் அது குறைவு. வட அமெரிக்காவுக்குரிய வகையில் அது இல்லை.

பழைய மருத்துவ உபயோகங்கள்

குழந்தைக்கு வயிறு பொருமினால், வசம்பை விளக்குச் சுடரிற் கரியாகச் சுட்டு, ஆமணக்கெண்ணெயிற் குழைத்து வயிற்றின்மேற் பூசுவது வழக்கம். இருமலுக்கும் குரற் கம்மலுக்கும் பெரியோர் சிறு துண்டொன்றை வாயில் அடக்கிக்கொள்வர். மூட்டு வலிக்கும் வீக்கத்திற்கும் வசம்பை அரைத்து, எண்ணெயிற் காய்ச்சித் தேய்ப்பர்.

முன்னோர் வசம்பைச் சுட்டே பயன்படுத்தியமை கவனிக்கத்தக்கது. சுடும்போது தைலத்தின் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடுகின்றது. வடித்தெடுத்த தைலத்திலோ அதன் வீரியம் முழுவதும் திரண்டு நிற்கின்றது. ஆகவே, சுட்ட வசம்பைப் பற்றிய பழைய அனுபவத்தைக் கொண்டு தைலத்தைத் துணிந்து உட்கொள்ளுதல் பெருந் தவறாகும்.

எச்சரிக்கை

பீற்றா அசரோன் எலிகளிற் புற்றுநோயை உண்டாக்குவது ஆராய்ச்சிகளிற் கண்டறியப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் வசம்பையும் அதன் தைலத்தையும் உணவிற் சேர்ப்பது 1968ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. பச்சை வசம்பை மிகுதியாக உட்கொண்டோருக்குக் கடும் வாந்தி உண்டாவதும் உண்டு. ஆதலின்,

1. தைலத்தை எவரும் உட்கொள்ளலாகாது.
2. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வசம்பை எவ்வகையிலும் உள்ளுக்குக் கொடுத்தலாகாது. சுட்ட வசம்பிலும் எஞ்சியிருக்கும் தைலத்தின் அளவை வீட்டில் அறிதல் இயலாது.
3. வடித்த தைலத்தை வேறு எண்ணெய் கலவாது தோலிற் பூசலாகாது. புண்ணுள்ள இடத்தையும் கண்ணையும் அது தொடலாகாது.
4. குழந்தையின் வயிற்று நோவு நீடித்தால், கைமருந்தை நம்பிக் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

விதைகளைக் காத்தல்

மனிதருக்குத் தீங்கு விளைக்கும் இத்தைலம் வண்டுகளுக்கும் பகையாகும். அசரோன் பூச்சிகளின் இனவிருத்தியைத் தடுக்கின்றது என்பது 1977ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றால் தெரியவந்தது. பயறு, உழுந்து, கௌப்பி முதலியவற்றின் விதைகளை நன்றாக வெயிலில் உலர்த்தி ஆறவிட்டு, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் உலர்ந்த வசம்புத் தூளைக் கலந்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்கலாம். இடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்க. இவ்வாறு தூள் கலந்த விதை விதைப்பிற்கு மாத்திரமே உரியது. சமையலுக்கு எடுக்காதிருக்கும்படி பாத்திரத்தில் எழுதி ஒட்டுதல் வேண்டும்.

வளர்த்தலும் உலர்த்தலும்

நீர் தேங்கி வேறு பயிர் செய்ய இயலாத வயல் மூலைகளில் வசம்பு நன்கு வளரும். முளையுள்ள வேர்த்தண்டுத் துண்டுகளை ஓர் அடி இடைவெளியில் நட்டு, நிலம் காயாமற் பார்த்துக்கொண்டால் போதும். ஏறக்குறைய ஒரு வருடத்தில் இலைகள் மஞ்சளாகும்போது கிண்டியெடுத்துக் கழுவி, சிறு துண்டுகளாக்கி நிழலில் உலர்த்துக. கடும் வெயிலில் உலர்த்தினால் தைலம் வீணாகும். தைலம் குறைந்த வசம்பு விதையைக் காக்காது.