ஒரு பெயரில் இரண்டு வலைத்தளங்கள்

விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசிப் பகுதிகளில் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் நமக்கு, அண்மைக் காலமாகப் பற்றுச்சீட்டுக் கட்டுகளில் ஒரு புதிய செலவினம் தென்படுகின்றது. 'டொமைன் புதுப்பித்தல்', 'ஹோஸ்டிங் கட்டணம்' என்பன அவை. நூல், சாயம், வண்டிச் சத்தம் என்று எழுதிப் பழகிய காரியதரிசிகள், இவற்றை எத்தலைப்பில் எழுதுவதென்று திகைப்பதுண்டு. இவ்வாறிருக்க, நெசவாளர் சங்கமொன்றின் நிர்வாகிகள் நம்மிடம் இதனினும் நுட்பமான ஒன்றைக் கேட்டனர். புடவை விற்பனைக்கு அவர்களிடம் ஒரு வலைத்தளம் உள்ளது. நூல் வழங்கல், கூலி விகிதம், பேரவைக் கூட்டம் முதலியவற்றை அங்கத்தினர்கட்கு அறிவிக்கத் தனியே ஒரு தளம் வேண்டும். வாங்கியுள்ள பெயரோ ஒன்றே. ஹோஸ்டிங்கும் எளிய திட்டமே. மற்றொரு பெயர் வாங்கித்தான் ஆக வேண்டுமோ?

வேண்டியதில்லை. பெயர் வேறு, இடம் வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். டொமைன் என்பது நாம் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பதிந்துகொள்ளும் பெயர். ஹோஸ்டிங் என்பது தளம் குடியிருக்கும் கணினியில் பெறும் வாடகை இடம். இன்ன பெயருக்கு இன்ன இடம் என்று காட்டும் விலாசப் புத்தகமே டி.என்.எஸ். எனப்படுவது, அமெரிக்கரான பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வகுத்த முறை அது. அப்புத்தகத்தில் நம் பெயருக்கு முன்னால் 'கடை' என்றோ 'உறுப்பினர்' என்றோ ஒரு சொல்லைச் சேர்த்து, அதற்கு வேறோர் இடத்தைக் காட்டலாம். இதற்குத் தனிப் பதிவுக் கட்டணம் இல்லை. நமது மாவட்டத் தளமே 'விருதுநகர்.நிக்.இன்' என்றுதான் வழங்குகின்றது. நிக்.இன் என்னும் ஒரே பெயரின் கீழ் வேறு பல மாவட்டங்களின் தளங்களும் இவ்வாறே இயங்குகின்றன.

மற்றொரு வழியும் உண்டு. பெயருக்குப் பின்னால் சாய்கோடிட்டு, ஒரே இடத்துக்குள் இன்னொரு அறை திறப்பது அது. ஆனால் நிறுவனமே பராமரித்துத் தரும் எளிய திட்டங்களில், ஒரு கட்டணத்துக்கு ஒரு தளம் என்பதே பெரும்பாலும் விதி. வேர்ட்பிரஸ் மென்பொருளில் பல தளங்களை ஒன்றாக நடத்தும் வசதி 2010 முதல் இருந்தபோதிலும், எல்லாத் திட்டங்களும் அதனை அனுமதிப்பதில்லை. பணம் கட்டுமுன் இதனைக் கேட்டறிதல் நலம்.

இரண்டில் எது சிறந்தது? சிவகாசி வட்டாரத்தாருக்கு நாம் நெடிது விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகளில் மருந்து அறைகளை இடைவெளி விட்டுக் கட்டுவது எதன்பொருட்டு? ஓரறையில் நேர்ந்த விபத்து அடுத்த அறைக்குத் தாவாதிருக்கவே. விற்பனைத் தளத்தில் பணம் புழங்குகின்றது. துணைமென்பொருள்கள் பலவும் அங்கே சேர்க்கப்படுகின்றன. ஆகவே திருடர் நுழையும் வாயில்களும் அதிகம். அறிவிப்புத் தளமும் அதே அறையில் இருந்தால், இரண்டும் ஒருங்கே கெடும். எனவே முன்சொல் சேர்த்துத் தனியிடத்தில் வைப்பதே நமது துணிபு. நான்கைந்து பக்க அறிவிப்புக்கு மிகக் குறைந்த வாடகையிடமே போதும். பாதுகாப்புச் சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பு 2015 முதல் இலவசமாகவே வழங்கி வருகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், இரண்டாம் தளம் அமைக்க வந்தவர் விலாசப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பதிலாக, நேம்சர்வரையே மாற்றி, புத்தகம் முழுவதையும் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோய்விட்டார். மின்னஞ்சலுக்குரிய எம்.எக்ஸ். வரிகள் அங்கே எழுதப்படவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. ஆர்டர் கடிதம் ஒன்றும் வந்து சேராதது கண்டு, 'இவ்வாண்டு வியாபாரம் மந்தம்' என்று நிர்வாகிகள் தேற்றிக்கொண்டிருந்தனர்! உண்மை புலப்பட்டபோது பண்டிகை கழிந்துவிட்டது. தறிகளில் நெய்து முடித்த புடவைகள் இருப்பில் கிடந்தன. ஆகையால் எதனையும் தொடுமுன், உள்ள வரிகள் அனைத்தையும் ஒரு தாளில் படியெடுத்துத் தீர்மானப் புத்தகத்தோடு வைத்துக்கொள்க.

அதே சங்கத்தில் மற்றொன்றும் கண்டோம். கட்டணம் சங்கத்தினது, பதிவோ தளம் அமைத்தவர் பெயரில்! புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருக்கே செல்லும். அவர் மறந்தால் பெயர் பிறர் கைக்குப் போகும். பதிவு சங்கத்தின் பெயரிலும், சங்கத்தின் மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும். அந்த மின்னஞ்சல் இதே டொமைனைச் சார்ந்ததாக இராமல் வேறாக இருப்பது இன்னும் நன்று.

ஒரே பெயரில் இரு தளங்களும் இருப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. இணையத்தில் பட்டாசு விற்கலாகாதென்று 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பின்னரும், போலிப் பட்டாசுத் தளங்களில் பணம் இழப்போர் இருக்கவே செய்கின்றனர். பெயரை வலப்புறமிருந்து படிக்க அங்கத்தினர்களும் வாடிக்கையாளர்களும் பழகுதல் வேண்டும். 'கடை.நம்சங்கம்.இன்' என்றால் உரிமையாளர் 'நம்சங்கம்'. 'நம்சங்கம்.கடை.இன்' என்றாலோ உரிமையாளர் 'கடை' என்பதைப் பதிந்த வேறெவரோ. ஏமாந்தவர்கள் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

செலவுத் தலைப்பைப் பற்றிக் கேட்ட காரியதரிசிக்கு: பெயருக்கு ஒன்று, இரு இடங்களுக்கு இரண்டு என மூன்றாகவே எழுதுக. மூன்றும் வெவ்வேறு தேதிகளில் காலாவதியாகின்றன.