ஐ10 ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்ப்பது

இன்ஜின் ஆயிலை வண்டியை நிறுத்தி, சில நிமிஷம் விட்டுப் பார்ப்போம். அதே பழக்கத்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் குச்சியையும் உருவினால், அது காட்டும் அளவை நம்ப முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான பழைய நான்கு கியர் ஹூண்டாய் ஐ10 ஆட்டோமேட்டிக்கை செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்கணும்.

இன்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலை டார்க் கன்வெர்ட்டருக்கும் வால்வ் பாடிக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் கொஞ்சம் அடித்தொட்டிக்கு இறங்கிவிடும். குச்சியில் கூடுதலாகத் தெரியும். தவிர, சூட்டில் ஆயில் விரியும். அதனால்தான் 70–80 டிகிரி செல்சியஸில் பார்க்கச் சொல்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஓட்டினாலே அந்தச் சூடு வந்துடும்.

சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடட்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய் பார்க்கில் வையுங்க. ஃபேன் பக்கம் கை போகாமல் குச்சியை உருவித் துடைத்து, முழுசாகச் செருகி எடுங்க. 'ஹாட்' கோடுகளுக்குள் இருக்கணும். பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீங்க, நூல் உள்ளே போனால் வால்வ் சிக்கும்.

ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கியர் வழுக்கும். அதிகமானாலும் அதேதான்! சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது. வழுக்குதேன்னு இன்னும் அரை லிட்டர் ஊற்றினால் இன்னும் கெடும்.

இதற்கு எஸ்பி-3 ஆயில். ஒரகடத்தில் தயாரான நிசான் மைக்ரா சிவிடிக்கு சிவிடி ஆயில்தான், மாற்றி ஊற்றக்கூடாது. பின்னால் வந்த ஆறு கியர் ஹூண்டாய்களில் குச்சியே கிடையாது. லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனரில் ஆயில் சூடு பார்த்து, பிளக்கைத் திறந்து வழிகிறதா என்று பார்க்கணும். அது ஒர்க்ஷாப் வேலை.