நூலகத்தில் வாய் திறந்து கேளுங்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் கட்டண ரசீதைக் கையில் வாங்கி வரி வரியாகப் பார்ப்போம். டியூஷன் ஃபீஸ், பரீட்சை ஃபீஸ், ஜிம்கானா என்று போய், நடுவில் நூலகக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. "லைப்ரரியில் புத்தகம் தருவார்கள், பதினைந்து நாளில் திருப்ப வேண்டும்" என்பதோடு நம் அறிவு முடிந்துவிடுகிறது. எனக்கும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான்.

நாக்பூரில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கும் என் பேத்திக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். தலைப்பை மாணவர்களே தேர்ந்தெடுக்கலாம். "தாத்தா, நீங்க ரயில்வேல இருந்தவர்தானே, இந்திய ரயில்வேயும் பொருளாதாரமும்னு எழுதறேன். நீங்களே சொல்லிடுங்களேன்" என்றாள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அதே தலைப்பில் அச்சடித்த ப்ராஜெக்ட் ஒன்று பைண்டு செய்து தயாராகக் கிடைக்கிறதாம். தோழிகள் சிலர் வாங்கிவிட்டார்கள். அதை வாங்க நான் பணம் தரவில்லை. "முதலில் உன் காலேஜ் லைப்ரரியில் கேட்டுப் பார்" என்று அனுப்பினேன். போகவே தயங்கினாள். "அங்கே யாரும் எதுவும் கேக்கறதில்லை தாத்தா. தப்பா கேட்டா சிரிப்பாங்க" என்றாள். இரண்டு நாள் கழித்துத்தான் போனாள்.

நூலகர் கேட்ட ஐந்து கேள்விகள்

நூலகர் அம்மையார் உடனே புத்தகம் எதையும் எடுத்துத் தரவில்லையாம். பதிலுக்குக் கேள்விகள் கேட்டிருக்கிறார். எந்த ரயில் பாதை? எந்த வருஷங்கள்? யாருக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கப் போகிறாய்? இதுவரை என்ன படித்தாய்? எப்போது கொடுக்க வேண்டும், எத்தனை பக்கம்?

இதைக் கேட்டதும் எனக்கு என் பழைய வேலை நினைவுக்கு வந்தது. நான் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்தபோது, "தண்டவாளத்தில் ஏதோ கோளாறு" என்று டிரைவர் புகார் சொன்னால் நாங்கள் உடனே டிராலியை எடுத்துக்கொண்டு கிளம்பமாட்டோம். எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே, எந்தக் கிலோமீட்டர், அப்லைனா டவுன்லைனா, வண்டி என்ன வேகத்தில் போயிற்று என்று கேட்போம். இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நூலகர் செய்ததும் இதுதான். தேடலுக்கு ஒரு கிலோமீட்டர் நம்பர் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அரைமணி நேரத்தில் "இந்திய ரயில்வேயும் பொருளாதாரமும்" என்ற மலை ஒரு கைப்பிடி அளவுக்கு வந்துவிட்டது. நாக்பூரிலிருந்து சிந்த்வாடா போய்க்கொண்டிருந்த நாரோகேஜ் வண்டி, அகலப்பாதையாக மாற்றும் வேலைக்காக 2015இல் நிறுத்தப்பட்டது. வண்டி நின்றிருந்த காலத்தில் வழியிலுள்ள வாரச் சந்தைகளுக்கு என்ன ஆயிற்று? இதுதான் புதிய தலைப்பு.

அதன்பிறகே புத்தகங்கள் வந்தன. மத்திய மாகாண மாவட்டக் கெஜட்டியர் வரிசையில் 1907இல் வெளியான சிந்த்வாடா தொகுதியை ஸ்கேன் செய்த பிரதியாகக் கணினியில் எடுத்துக் கொடுத்தார். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டைக் காட்டினார். எந்த ஊரில் வாரச் சந்தை உண்டு, எந்த ஊருக்கு ரயில் வசதி உண்டு என்ற விவரங்கள் அதில் கிராம வாரியாக இருக்கின்றன. "2011க்குப் பிறகு நடந்தது புத்தகத்தில் கிடைக்காது. நீயே போய்க் கேட்க வேண்டும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

நானும் பேத்தியும் சௌசர் சந்தைக்குப் போனோம். காய்கறி விற்கும் ஒரு பாட்டி, "சின்ன வண்டியில் கூடையோடு ஏறுவேன். பஸ்ஸில் எனக்கு ஒரு டிக்கெட், கூடைக்கு ஒரு டிக்கெட். நிறைய நாள் வராமலே இருந்துவிட்டேன்" என்றார். அந்தப் பாதையில் வேலை பார்த்த எனக்கே இது தெரியாது. ஜெராக்ஸ் கடை ப்ராஜெக்டில் இது எப்படி இருக்கும்?

இந்த உதவிக்கு வித்திட்ட தமிழர்

வாசகர் கேட்டதற்குத் துணைநின்று தேடிக் கொடுப்பதை நூலகத் துறையில் குறிப்புதவிச் சேவை என்கிறார்கள். நம் நாட்டில் இதை ஒரு முறையாக வளர்த்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று திரும்பினார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவற்றில் ஒன்று வாசகருடைய நேரம் வீணாகக் கூடாது என்பது. குறிப்புதவியையும் அவர் இரண்டாகப் பிரித்தார். ஒரு தேதி, ஒரு புள்ளிவிவரம் என்று உடனே சொல்லிவிடக் கூடியது ஒன்று. பல நூல்களைத் துழாவி நாள்கணக்கில் தேட வேண்டியது மற்றொன்று. பேத்திக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. ஆகவே நூலகரிடம் கேட்பது அவருக்குத் தொந்தரவு தருவதாகாது. அது அவருடைய வேலையிலேயே முக்கியமான பகுதி.

வேறு என்னென்ன கேட்கலாம்?

அலமாரியில் தேடுவதற்கு எண் உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் உள்ள டியூயி முறையில் ரயில் போக்குவரத்து 385, ரயில் பாதைப் பொறியியல் 625.1. நம் தமிழ் இலக்கியத்துக்கும் ஓர் எண் இருக்கிறது: 894.811. பிள்ளைகளை அந்த அலமாரியில் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

புத்தகம் அங்கே இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து இரவலாக வரவழைக்க முடியும். 1988இல் டெல்லியில் தொடங்கிய டெல்நெட் போன்ற அமைப்பில் கல்லூரி உறுப்பினராக இருந்தால் இது நடக்கும். முனைவர் பட்ட ஆய்வேடுகளை 'சோத்கங்கா'வில் இலவசமாகப் படிக்கலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னணு நூலகத்தில் மாணவர் மட்டுமல்ல, நம்மைப் போன்றவர்களும் பெயர் பதிந்துகொள்ளலாம். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. உங்கள் பிள்ளையின் கல்லூரிக்கு இவற்றில் எது உண்டு, வீட்டிலிருந்தே படிக்கப் பாஸ்வேர்டு தருவார்களா என்பதை நூலகர்தான் சொல்ல முடியும்.

மேற்கோள் காட்டும் முறையையும் அவரிடமே கற்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஆய்வேடுகளில் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்தாகும். பி.ஏ.வில் பழகும் பழக்கம்தான் மேலே போகும்போதும் கூட வரும். இப்போது பிள்ளைகள் கணினியிடம் கேட்டு எழுதுகிறார்கள். அது சில சமயம் இல்லாத புத்தகத்துக்கும் தலைப்பு, ஆசிரியர் பெயர் எல்லாம் கொடுத்துவிடுகிறது. அப்படி ஒரு புத்தகம் உண்மையில் உண்டா என்று சரிபார்க்க நூலகமே நல்ல இடம்.

நிகழ்ச்சிகளைத் தவறவிடாதீர்கள்

கல்லூரி திறந்த சில வாரங்களில் புது மாணவர்களுக்கு நூலக அறிமுக வகுப்பு நடக்கும். பலர் அன்றைக்குக் கேன்டீனில் இருப்பார்கள். ரங்கநாதனின் பிறந்தநாளாக ஆகஸ்ட் 12 நூலகர் தினம். மகாராஷ்டிரத்தில் 2015 முதல் அக்டோபர் 15 வாசிப்பு ஊக்க தினமாகக் கொண்டாடப்படுகிறது. அது நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமின் பிறந்தநாள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அப்போது புத்தகக் கண்காட்சி வைத்தால், எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று மாணவர்களிடமே எழுதி வாங்கும் கல்லூரிகளும் உண்டு. இரண்டு தமிழர்களின் பிறந்தநாளை மராத்தியக் கல்லூரிகள் கொண்டாடும்போது நம் வீட்டுப் பிள்ளை அங்கே இல்லாமல் போகலாமா?

என் கதை ஒன்று

நான் டிப்ளமோ படித்தவன். அதிகாரி பதவிக்கான டிபார்ட்மெண்டல் பரீட்சைக்கு ஒரு முறை மும்முரமாகப் படித்தேன். பாலங்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்காக மூன்று மாதம் அலைந்தேன். தினமும் மாலையில் ஒரு நூலகத்தில்தான் உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலத்தில் தடுமாறுவோமோ, டிப்ளமோக்காரன்தானே என்று நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பகுதியில்தான் மதிப்பெண் குறைந்து தேறாமல் போனேன். பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது நூலகர் பக்கத்து அறையிலிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். "தினம் வருகிறீர்கள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அந்த வாய்ப்பு போனது போனதுதான். ஓய்வு பெறும் வரை சீனியர் செக்‌ஷன் இன்ஜினீயராகவே இருந்தேன்.

வெளியூரில் வந்து வாழும் நமக்கு இந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி. ஆனால் நூலகரிடம் இந்தியில் கேட்டாலும் மராத்தியில் கேட்டாலும் தட்டுத்தடுமாறிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். ப்ராஜெக்டை நாளை கொடுக்க வேண்டும் என்று இன்று ஓடாமல், பத்து நாள் முன்னதாக, கேள்வியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் போதும்.

இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், "உங்க காலேஜ் நூலகரிடம் ஒரு தடவையாவது பேசியிருக்கிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், ரசீதில் உள்ள அந்த ஒரு வரியைக் காட்டுங்கள். பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இனிக் கேட்க வேண்டியதுதான் பாக்கி.